மாவைக் கழுவினால் மிஞ்சுவது

‘தானியப் புரதம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கேள்விகளில் பாதி பரோட்டாவைப் பற்றி, மீதியில் பாதி இட்லியைப் பற்றி. நம் வாசகர்கள் பசி நேரத்தில்தான் பேனாவை எடுக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, கொஞ்சம் சுருக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

விருதுநகர் வாசகி: பரோட்டா மாஸ்டர் மைதாவை வீசினால் வேட்டி மாதிரி விரிகிறது. அரிசி மாவை அப்படி வீச முடியாதது ஏன்? அரிசியிலும் புரதம் இருக்கிறதுதானே?

இருக்கிறது, ஆனால் அது வேறு வகை. உங்கள் ஊர் எண்ணெய் பரோட்டாவை நினைத்துக்கொண்டே ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். 100 கிராம் மைதாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, உருட்டி, தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். அப்புறம் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் வைத்தே மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். அதை ஒரு பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டு புதுத் தண்ணீர் மாற்றி, மறுபடி பிசையுங்கள். நாலைந்து தடவை ஆனதும் தண்ணீர் தெளிந்துவிடும். கையில் மிஞ்சுவது சூயிங்கம் போல இழுபடும், பழுப்பு வெள்ளையில் ஒரு உருண்டை, சுமார் 30 கிராம். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். மிச்சம்தான் குளூட்டன். (நான் முதல் தடவை செய்தபோது ஆட்டாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தவிடு எல்லாம் பிரிந்து தொட்டியை அடைத்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மைதாவிலேயே செய்யுங்கள்.)

இதையே இத்தாலியில் பொலோனா நகரத்து ஜாகோபோ பெக்காரி என்ற பேராசிரியர் 1728இல் செய்து காட்டினார், அச்சில் வந்தது 1745இல். அந்தக் காலத்தில் ‘இது இறைச்சி மாதிரி அழுகி நாறுகிறதே, செடியிலிருந்து வந்த பொருளா இது’ என்பதுதான் பெரிய ஆச்சரியம். சீனாவில் பௌத்த மடங்களின் சமையல்காரர்கள் இதற்கெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்படி மாவைக் கழுவி, மிஞ்சியதைக் கறிக்குப் பதிலாகச் சமைத்து வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த உருண்டைக்குள் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். குளூட்டெனின் என்பது நீள நீளச் சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டு ரப்பர் மாதிரி, இழுத்தால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கிளையடின் வழவழப்பாக ஓடி, விரிய விடும். முதலாவது மட்டும் இருந்தால் மாவு சுருண்டு சுருண்டு கொள்ளும், இரண்டாவது மட்டும் என்றால் தேன் மாதிரி வழியும். மாஸ்டர் மாவை உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மணிக்கணக்கில் மூடி வைக்கிறாரே, அது இழுத்துப் பிடித்திருக்கும் குளூட்டெனின் தளர்ந்து கொடுக்கட்டும் என்பதற்குத்தான். அவசரப்பட்டால் வீசும்போது கிழியும்.

அரிசியில் இந்தக் கூட்டணி கிடையாது. அதனால்தான் இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பிசைகிறோம். அங்கே மாவைச் சேர்த்துப் பிடிப்பது புரதம் இல்லை, சூட்டில் வெந்து கூழாகும் ஸ்டார்ச். கேழ்வரகு ரொட்டிக்கும் இதே கதைதான்.

சிவகாசி வாசகர்: மைதா மாவில் பசை காய்ச்சித்தானே சினிமா போஸ்டர் ஒட்டுகிறார்கள், அப்படியானால் அது குடலிலும் ஒட்டிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

சின்ன வயதில் சோற்றுப் பருக்கையால் கடித உறை ஒட்டியதில்லையா நீங்கள்? அரிசியில் குளூட்டனே இல்லை, ஆனாலும் ஒட்டியது. காய்ச்சிய ஸ்டார்ச் காய்ந்தால் ஒட்டும், அவ்வளவுதான். உங்கள் குடல் காய்ந்த சுவர் இல்லை, அங்கே ஸ்டார்ச்சை வெட்டும் நொதிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மைதாவைக் குறைத்துக்கொள்ள நல்ல காரணங்கள் உண்டு, நார்ச்சத்து குறைவு என்பதே போதும். போஸ்டர் அதில் ஒரு காரணம் இல்லை.

கோவை, வேளாண் கல்லூரி மாணவி: தண்ணீர், உப்பு, ஆல்கஹால், காரம் (ஆல்கலி) என்று, எதில் கரைகிறது என்பதை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் ‘ஆஸ்போர்ன் வகைப்பாட்டை’ மனப்பாடம் செய்கிறோம். நூறு வருஷத்துக்கு மேல் பழசான இதை இன்னும் ஏன் படிக்க வேண்டும்?

பழசுதான். ஆனால் இந்த இதழில் நீங்கள் படிக்கிற பாதிப் பதில்கள் அந்த மனிதரிடமிருந்து வந்தவை என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தாமஸ் பர் ஆஸ்போர்ன் 1859இல் அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் ஊரில் பிறந்தவர். அதே ஊரில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் 1886இல் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை 40 வருஷத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார். நிலையத்தின் தலைவர் சாமுவேல் ஜான்சன் அவருக்கு மாமனார். ‘விதைகளில் இருக்கும் புரதங்களை ஆராய்ந்து பாரேன்’ என்று 1888இல் தூண்டிவிட்டவரும் அவரே. மாமனார் சொன்ன வேலையை வாழ்நாள் முழுக்க விடாமல் செய்த மருமகன் என்று இவரைச் சொல்லலாம். ஓட்ஸில் ஆரம்பித்து கோதுமை, மக்காச்சோளம், பயறு என்று முப்பதுக்கும் மேற்பட்ட விதைகளைப் பார்த்தார்.

செய்தது இதுதான்: மாவை முதலில் வெறும் தண்ணீரில் கலக்குவார். கரைந்து வருவது அல்புமின். வடிகட்டிய சக்கையை உப்புத் தண்ணீரில் போட்டால் கரைவது குளோபுலின். அப்போதும் மிஞ்சிய சக்கையை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் இன்னொன்று இறங்கும். கடைசியில் பிடிவாதமாக நிற்பதை நீர்த்த காரத்தில் கரைப்பார், அது குளூட்டெலின். ஆல்கஹாலில் கரைகிற மூன்றாவது வகைதான் விசித்திரமானது, தானியங்களிலும் அவற்றின் புல் இனத்திலும்தான் அது அதிகம். புரோலின் என்ற அமினோ அமிலமும் (அமினோ அமிலங்கள்தான் புரதத்தைக் கட்டும் செங்கற்கள்) அமைடு என்ற நைட்ரஜன் தொகுதியும் அதில் நிறைய இருந்ததால் இரண்டையும் ஒட்டி ‘புரோலமின்’ என்று பெயர் வைத்தார். கோதுமையின் கிளையடின், மக்காச்சோளத்தின் ஸெயின், சோளத்தின் கஃபிரின், பார்லியின் ஹார்டீன் எல்லாம் இந்தக் குடும்பம்.

(மக்காச்சோளம் வேறு, சோளம் வேறு என்பதைக் கவனியுங்கள். இலங்கை வாசகர்களுக்குச் சோளம் என்றாலே மக்காச்சோளம்தான், அவர்கள் இறுங்கு என்பதை நாங்கள் இங்கே சோளம் என்கிறோம். இந்தக் குழப்பத்தில் ஒரு வாசகர் எனக்குக் கோபமாகவே எழுதியிருக்கிறார்.)

சரி, கரைவதை வைத்துப் பிரித்தால் என்ன லாபம்? ஆஸ்போர்னுக்கும் முதலில் அது வெறும் வேதியியல்தான். பிறகு யேல் பல்கலைக்கழகத்தின் லாஃபயெட் மெண்டலோடு சேர்ந்து, தனித்தனியாகப் பிரித்த புரதங்களை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மற்ற சத்து எல்லாம் ஒன்றே, புரதம் மட்டும் மாறும். கோதுமைக் கிளையடினை மட்டும் தின்ற குட்டிகள் சாகவில்லை, வளரவும் இல்லை. மாதக்கணக்கில் அதே எடை. தீவனத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கொஞ்சம் கலந்ததும், நின்றுபோன இடத்திலிருந்து வளர ஆரம்பித்தன. மக்காச்சோள ஸெயினைத் தின்றவற்றின் நிலைமை இன்னும் மோசம், அவற்றின் எடையே இறங்கியது. டிரிப்டோபேன் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைச் சேர்த்தால் எடை இறங்குவது நின்றது. லைசினும் சேர்த்த பிறகுதான் வளர்ச்சி. இது 1914இல் வெளிவந்தது.

அதுவரை புரதம் என்றால் புரதம், எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. எந்தப் புரதம் என்று கேட்க வைத்தது அந்த எலிகள். புரோலமினில் லைசின் மிகச் சொற்பம். ஒரு தானியத்தில் புரோலமின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் அதை மட்டும் தின்று ஒரு குழந்தை எப்படி வளரும் என்று பாதி சொல்லிவிடலாம். உங்கள் பாடப்புத்தகத்தில் அந்த நாலு வரி இன்னும் இருப்பது அதனால்தான். பரீட்சைக்கு வாழ்த்துகள்.

திருச்சி வாசகர்: அப்படியானால் கோதுமையைவிட அரிசிதான் மேலா? டாக்டர் சப்பாத்திக்கு மாறச் சொல்கிறாரே.

டாக்டர் சொன்னது அநேகமாகச் சர்க்கரைக்காக. அதில் நான் தலையிடப் போவதில்லை. புரதக் கணக்கு மட்டும் பார்ப்போம். அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம், ஆட்டாவில் 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அளவில் கோதுமை முந்துகிறது. ஆனால் அரிசிப் புரதத்தில் பெரும்பகுதி குளூட்டெலின், புரோலமின் கொஞ்சம்தான். அதனால் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் லைசின் அரிசியில் அதிகம். ஓட்ஸும் இப்படித்தான், அதில் குளோபுலின் தூக்கல்.

ஆனால் யார் வெறும் அரிசியைத் தின்கிறார்கள்? இட்லி மாவை எடுங்கள். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. 80 கிராம் அரிசியிலிருந்து 6 கிராம் சொச்சம் புரதம் வருகிறது, 20 கிராம் உளுந்திலிருந்து நாலரை கிராம். ஐந்தில் ஒரு பங்கு போட்ட உளுந்து, புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டு வந்துவிடுகிறது, அதுவும் லைசினோடு. உளுந்தில் குறைவான மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை அரிசி தருகிறது. இதை எந்தப் பாட்டியும் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் ‘நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள்’ என்று நான் எழுதப் போவதுமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது உளுந்து போட்டால் இட்லி பூப்போல வரும் என்பது.

அது ஏன் என்பதும் புரதக் கதைதான். குளூட்டன் இல்லாத மாவில் காற்றுக்குமிழியைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும். உளுந்தை ஆட்டும்போது கையில் வழவழவென்று ஒட்டுகிறதே, அந்தப் பசைச் சர்க்கரையும் உளுந்தின் ஒரு குளோபுலினும் சேர்ந்துதான் நுரையைப் பிடிக்கின்றன என்று மைசூரில் உள்ள சிஎஃப்டிஆர்ஐ (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்) விஞ்ஞானிகள் 1970களில் காட்டினார்கள். உளுந்தைக் குறைத்த ஹோட்டல் இட்லி கல்லாக இருப்பது மாஸ்டரின் தப்பு மட்டும் இல்லை, முதலாளியின் கணக்கும்தான்.

அம்பத்தூர் வாசகர்: பாக்கெட்டில் ‘புரதம் 11.4 கிராம்’ என்று புள்ளி வைத்துப் போடுகிறார்களே, எப்படி எண்ணுகிறார்கள்?

புரதத்தை யாரும் எண்ணுவதில்லை, நைட்ரஜனைத்தான் அளக்கிறார்கள்! டென்மார்க்கில் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் என்பவர் 1883இல் கொண்டுவந்த முறை. பீருக்கு வாங்கும் பார்லியில் புரதம் எவ்வளவு என்று சீக்கிரம் தெரிய வேண்டியிருந்தது அவர்களுக்கு. மாவை அடர் கந்தக அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைத்தால் நைட்ரஜன் எல்லாம் அம்மோனிய உப்பாகும், பிறகு காரம் சேர்த்து அம்மோனியாவை வடித்து அளந்துவிடலாம். வந்த எண்ணை 6.25ஆல் பெருக்கினால் புரதம்.

இதில் ஒரு இடக்கு உண்டு. கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் கொஞ்சம் தூக்கல் என்பதால் அதற்கு 5.7ஆல் பெருக்க வேண்டும், அரிசிக்கு 5.95. மாவில் 2 சதவீத நைட்ரஜன் இருந்தால் 6.25 போட்டு 12.5 என்றும் எழுதலாம், 5.7 போட்டு 11.4 என்றும் எழுதலாம். உங்கள் பாக்கெட்காரர் யோக்கியர் போலிருக்கிறது.

இடக்கைவிடப் பெரிய ஓட்டையும் உண்டு. அந்த அமிலத்துக்கு நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 2007இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ‘கோதுமைக் குளூட்டனில்’ அதைக் கலந்திருந்தார்கள். சோதனையில் புரதம் அமோகம், அதைத் தின்ற நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் போனது. அடுத்த வருஷமே சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் அதே வேலை நடந்து, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்.

தேனி வாசகி: என் பாட்டி சோளச்சோறு தின்றே 90 வயது வாழ்ந்தார். சோளப் புரதம் செரிக்காது என்று எங்கோ படித்தேன், நிஜமா?

செரிக்காது என்பது அதிகம், சிரமப்படும் என்பது சரி. 1981இல் பெரு நாட்டின் லிமாவில் சோளக்கஞ்சி மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, குழந்தைகளின் குடல் அந்தப் புரதத்தில் 46 சதவீதத்தைத்தான் உறிஞ்சியது. காரணம் கஃபிரின். தண்ணீரில் வேகும்போது அந்தப் புரதங்கள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன, நொதிக்கு உள்ளே போக வழி இல்லை. முட்டை வெந்தால் செரிப்பது எளிதாகிறது, சோளம் வெந்தால் நேர்மாறு. புளிக்க வைத்தால் நிலைமை தேறுகிறது, சூடானில் சோளமாவைப் புளிக்க வைத்தே கிஸ்ரா என்ற மெல்லிய அப்பம் சுடுகிறார்கள். உங்கள் பாட்டி மோர் ஊற்றி, மொச்சைக் குழம்போ பருப்போ விட்டுச் சாப்பிட்டிருப்பார், லிமாவின் குழந்தைகள் மாதிரி வெறும் கஞ்சி இல்லை.

இதில் நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற சத்துக்குறைவு நோய் வருவதைப் பார்த்து, சோளப் புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுதியாக இருப்பதுதான் காரணம் என்று 1960இல் சொன்னார். எல்லோரும் அதை ஏற்கவில்லை, விவாதம் பல வருஷம் ஓடியது.

நாமக்கல் கோழிப்பண்ணையாளர்: தீவனத்தில் ‘கார்ன் குளூட்டன் மீல்’ சேர்க்கிறோம். மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது என்கிறார்களே?

பெயர்தான் அப்படி, பச்சை மிளகாய்க்கு மிளகு என்ன உறவோ அந்த உறவுதான். மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுக்கும் ஆலைகளில் மிஞ்சும் மஞ்சள் தூள் அது, சுமார் 60 சதவீதம் புரதம், பெரும்பங்கு ஸெயின். கோதுமைக் குளூட்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கரு நன்றாக நிறம் பிடிப்பது அதிலிருக்கும் நிறமிகளால். ஆனால் ஆஸ்போர்ன் எலிகளுக்கு என்ன ஆனதோ அதுதான் உங்கள் கோழிக்கும், லைசினுக்குச் சோயாப் பிண்ணாக்கு கட்டாயம் வேண்டும். நீங்களும் போட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள்.

ஸெயினின் வேலை தீவனத்தோடு முடியவில்லை. தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும் என்பதால் மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் பளபளப்பான மேல்பூச்சு அதில் போடுகிறார்கள், ஆல்கஹால் ஆவியானதும் மெல்லிய படலம் நிற்கும். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் அதையே நூலாக நூற்று கம்பளி மாதிரி ஸ்வெட்டர் பின்னினார்கள், பிராண்டு பெயர் விகாரா. தமிழ்நாட்டில் அந்தப் பெயரில் ஒரு கைக்குட்டைகூட விற்றிருக்க முடியாது. நைலானும் பாலியெஸ்டரும் மலிவாக வந்ததும் அது காணாமல் போனது.

1964இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸெயின் குறைந்து, லைசின் ஏறக்குறைய இரட்டிப்பான மக்காச்சோளத்தைக் கண்டார்கள். மணி சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, விளைச்சல் குறைவு, பூச்சிக்குக் கொண்டாட்டம். மெக்சிகோவில் சுரிந்தர் வாசலும் எவாஞ்செலினா வில்லேகாஸும் பல வருஷம் உழைத்துத்தான் அதைக் கெட்டியான மணியாக மாற்றினார்கள், 2000இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

மதுரை வாசகர்: அஜினமோட்டோ கோதுமையில் செய்வதா?

முதலில் அப்படித்தான். ஜெர்மனியில் ரிட்ஹவுசன் 1866இல் குளூட்டனை அமிலத்தில் காய்ச்சி ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தார், குளூட்டனிலிருந்து வந்ததால் குளூட்டாமிக் அமிலம். ஜப்பானில் இக்கேடா 1908இல் கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் அதே பொருள் என்று கண்டுபிடிக்க, மறு வருஷமே அதன் உப்பான அஜினமோட்டோவைக் கோதுமைக் குளூட்டனிலிருந்து வியாபாரமாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். இப்போது நுண்ணுயிர்களை வைத்து, கரும்புப் பாகு போன்றவற்றைப் புளிக்கவைத்துச் செய்கிறார்கள்.

சேலம் வாசகி: என் மகனுக்குச் சீலியாக் நோய். கோதுமையை நிறுத்திவிட்டோம், ஆனாலும் வயிற்றுவலி போகவில்லை.

முதலில் உங்கள் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள், வேறு காரணமும் இருக்கலாம். கிளையடினில் புரோலின் நெருக்கமாக இருக்கும் துண்டுகளை நம் நொதிகளால் வெட்ட முடிவதில்லை, எல்லோர் குடலிலும் அவை முழுதாகவே மிஞ்சும். சீலியாக் உள்ளவர்களின் உடல் அவற்றை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. ஹாலந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்கு இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது அவருடைய நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் அதையே ஆய்வேடாக எழுதினார்.

இப்போது உங்கள் அடுப்படி. ரவையும் சேமியாவும் கோதுமைதான், ‘சப்பாத்திதானே கூடாது, உப்புமா பரவாயில்லை’ என்று கொடுக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். மால்ட் என்று எழுதியிருக்கும் சத்துபானம் பார்லி, அதுவும் ஆகாது. அப்புறம் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது சகஜம், தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் அது போய்க்கொண்டிருக்கலாம். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, கடையில் கேட்டு வாங்குங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் அரிசியைப் போட்டாலும் சிக்கல்தான்.

மறுபடியும் விருதுநகர் வாசகி (ஆசிரியர் என் முதல் பதிலை முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவிட்டாராம்): கழுவிப் பார்த்தேன், வந்துவிட்டது! உருண்டையை என்ன செய்வது?

துண்டு போட்டு ஆவியில் வேக வைத்து, மிளகு, சோம்பு, வெங்காயம் போட்டு சுக்கா மாதிரி வறுங்கள், மென்றால் கறி போலவே இருக்கும். சேர்த்து வைத்த வெள்ளைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். ராத்திரி முழுக்க அப்படியே வைத்தால் ஸ்டார்ச் அடியில் தங்கும். மேல்தண்ணீரை வடித்துவிட்டுக் காய்ச்சினால் நாலைந்து பருத்திப் புடவைக்குக் கஞ்சி ஆச்சு.